வேனை வீடாக்குவதா, வீடாகவே வண்டியை வாங்குவதா?

பிரிட்டனில் விடுமுறைக் காலத்தில் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சுற்றி, இரவில் வண்டியிலேயே தங்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. சரக்கு வேன் ஒன்றை வாங்கி, அதற்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பொருத்திக்கொள்வது ஒன்று. தொழிற்சாலையிலேயே வீடுபோல் கட்டி விற்கப்படும் மோட்டார்ஹோமை வாங்குவது மற்றொன்று. முன்னது மலிவு, பின்னது சொகுசு என்பது பொதுவான பேச்சு. கணவன், மனைவி இருவர் மட்டும் என்றால் இந்தக் கணக்கு ஓரளவு சரிதான். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்துவிட்டால் பணத்துக்கு முன்பே பார்க்கவேண்டியவை வேறு: வண்டி சட்டப்படி எவ்வளவு எடை தாங்கும், சீட் பெல்ட் உள்ள இருக்கைகள் எத்தனை என்பவை.

வேனை வீடாக்கும் பழக்கம் புதியதல்ல. ஃபோக்ஸ்வேகனின் புகழ்பெற்ற வேன் 1950இல் உற்பத்திக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் வைத்து எடுக்கக்கூடிய முகாம் பெட்டியைச் செய்து விற்றது. வார நாட்களில் சரக்கு ஏற்றும் வேன், விடுமுறையில் படுக்கையறையாகும். இங்கிலாந்தில் ஃபோக்ஸ்டன் நகரின் மார்ட்டின் வால்டர் நிறுவனம், பெட்ஃபோர்டு வேன்களை மாற்றி ‘டோர்மொபைல்’ என்ற பெயரில் விற்றது. ஒரு பக்கக் கீலில் மேலெழும் அதன் கூரையும் கோடு போட்ட கித்தான் துணியும் 1950களிலும் 60களிலும் அந்நாட்டுக் கடற்கரைகளில் பழகிப்போன காட்சி. யார் செய்த கேம்பர் வேனாக இருந்தாலும் அதை டோர்மொபைல் என்றே அழைக்கும் அளவுக்கு அந்தப் பெயர் பரவியது.

இன்றைய சந்தையில் மூன்று வகைகளைப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் போன்ற தாழ்ந்த வேன். இதன் கூரையை வெட்டி, எழுப்பி இறக்கும் கூரையைப் பொருத்துவார்கள். இறக்கிய நிலையில் உயரம் ஏறக்குறைய 2 மீட்டர்தான் என்பதால், பல வாகன நிறுத்தங்களின் உயரத் தடுப்புக்கு அடியில் நுழைந்துவிடும். இரண்டாவது, ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய ஃபியட் டுகாட்டோ வகைப் பெரிய வேன். இதில் 5.41, 5.99, 6.36 மீட்டர் நீளங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. மூன்றாவது, அதே டுகாட்டோவின் முன்பகுதியையும் அடிச்சட்டத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னால் புதிதாக அறை கட்டிய மோட்டார்ஹோம். சாதாரணமாக 2.3 மீட்டர் அகலமும் 3 மீட்டரை ஒட்டிய உயரமும் கொண்டது. இரண்டு கட்டில்களை நிரந்தரமாகப் போட்டுவைக்க அந்த அகலம் தேவைதான். கார்ன்வால் பகுதியின் குறுகிய ஒற்றைத் தடச் சாலைகளில், இருபுறமும் வேலி உரச எதிரே டிராக்டர் வரும்போது அதே அகலம் பெரும் தொல்லை.

எடைக் கணக்குக்கு வருவோம். சாதாரண கார் உரிமம் வைத்திருப்பவர் ஓட்டக்கூடிய டீசல், பெட்ரோல் வண்டியின் மொத்த எடை, சுமையும் சேர்த்து, அதிகபட்சம் 3,500 கிலோ. 1997 ஜனவரி 1க்கு முன் கார் தேர்வில் தேறியவர்களுக்கு 7,500 கிலோ வரை ஓட்டும் உரிமை தானாகவே உண்டு. 70 வயதுக்குப் பிறகும் அது தொடர மருத்துவச் சான்று வேண்டும். இளம் பெற்றோர் பெரும்பாலும் முதல் பிரிவினர். அவர்களுக்காகவே பல மோட்டார்ஹோம்கள் 3,500 கிலோ வரம்புக்குள் தயாரிக்கப்படுகின்றன. ஆனால் சுவர், குளியலறை, ஆறு பேருக்கான படுக்கை என்று கட்டி முடித்த பிறகு, சிலவற்றில் மனிதருக்கும் பொருளுக்கும் 400 கிலோகூட மிஞ்சுவதில்லை.

ஓட்டுநருக்கு 75 கிலோ என்று தயாரிப்பாளரே கணக்கில் சேர்த்துவிடுவது வழக்கம். மற்றவற்றைக் கூட்டினால்: இன்னொரு பெரியவர் 65 கிலோ, இரு பிள்ளைகள் 60, நிறைந்த தண்ணீர்த் தொட்டி 100, வெளிப்பந்தல் 30, நான்கு சைக்கிள்கள் 50, அவற்றைத் தாங்கும் சட்டம் 15, இரண்டாவது பேட்டரி 25, உணவும் துணியும் போர்வையும் 80. மொத்தம் 425 கிலோ. ஆறு பேர் படுக்கலாம் என்று விளம்பரம் செய்யப்படும் வண்டி, நான்கு பேரோடு கிளம்பும்போதே வரம்பை மீறிவிடக்கூடும். விற்பனையாளரிடம் படுக்கை எத்தனை என்று கேட்பதற்கு முன், எத்தனை கிலோ ஏற்றலாம் என்று கேட்கவேண்டும். வெறும் வேனிலோ ஒவ்வொரு பலகையின் எடையையும் செய்பவரே தீர்மானிக்கலாம். கனமான பிளைவுட்டுக்குப் பதிலாக மெல்லிய பாப்லர் பலகை, 100 லிட்டர் தொட்டிக்குப் பதிலாக 40 லிட்டர் தொட்டி என்று சுருக்கிக்கொள்ள வழியுண்டு. எந்த வண்டியானாலும், சாமான்கள் அனைத்தையும் ஏற்றிய பிறகு ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது நல்லது.

மோட்டார்ஹோமின் உண்மையான பலம் இருக்கைகளில் இருக்கிறது. சரக்கு வேனில் முன்வரிசையில் மட்டுமே இருக்கைகள் இருக்கும்; பின்னால் பிள்ளைகளை உட்காரவைக்க இருக்கைகளைப் புதிதாகப் பொருத்தவேண்டும். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இவற்றில் ஒன்றை எட்டும்வரை குழந்தை காரில் போனாலும் வேனில் போனாலும் அதற்கேற்ற குழந்தை இருக்கை தேவை. பக்கவாட்டில் பார்த்து அமரும் பெஞ்சில் அதைப் பொருத்தக்கூடாது. மோதலின்போது உடலின் முழு விசையையும் பெல்ட் வழியே தாங்குவது இருக்கை தரையோடு இணைந்த இடம். பிளைவுட் பெட்டியின் மேல் மெத்தை போட்டு, தகரத் தரையில் இரண்டு போல்ட் முடுக்கி, பெல்ட் மாட்டினால் அது இருக்கை ஆகிவிடாது. இழுவிசைச் சோதனையில் தேறிய, கட்டிலாக விரியும் இருக்கைகள் சந்தையில் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான். ஆனாலும் வேன் மாற்றத்தில் சொந்தக் கைவேலைக்கு இடமே இல்லாத பகுதி இது. தேர்ந்த பட்டறையில் கொடுத்துச் செய்வதே முறை. புதிய மோட்டார்ஹோமில் பயண இருக்கை எது, வண்டி நின்ற பிறகு மட்டும் உட்காரவேண்டியது எது என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருப்பார். பழைய வண்டி என்றால், பெல்ட் உள்ள இருக்கைகளை நேரில் எண்ணிப் பார்க்கவேண்டும்.

வேனின் உட்புற வேலையில் முதல் எதிரி ஈரம். இரும்புத் தகடு குளிர்ந்திருக்கும். நான்கு பேரின் மூச்சிலும் சமையல் ஆவியிலும் உள்ள நீர் அதில் படிந்து, பலகைக்குப் பின்னால் வழிந்து, கண்ணுக்குத் தெரியாமல் துருவை வளர்க்கும். ஆகவே தச்சு வேலைக்கு முன் துருவைச் சுரண்டி வண்ணம் பூசி, தகட்டின் மேல் இடைவெளியில்லாமல் வெப்பக்காப்பு நுரைத்தாள் ஒட்டி, கூரையில் காற்றுப் போக்கியும் வைத்துவிடுவார்கள். மோட்டார்ஹோமுக்கும் ஈரப் பிரச்சினை உண்டு, வேறு விதமாக. சுவரும் கூரையும் சேரும் மூட்டுகளில் பூசிய பசை ஆண்டுகள் செல்லச்செல்ல வெடித்து, மழைநீர் உள்ளே புகும். சுவருக்குள் மரச்சட்டம் இருந்தால் அது உளுத்துப்போகும். பழைய மோட்டார்ஹோமை வாங்குவோர் எஞ்சினைவிட மூலைகளையே முதலில் சோதிப்பது இதனால்தான். ஆண்டுதோறும் ஈரப் பரிசோதனை செய்த ரசீதுகள் இருந்தால் வண்டியின் மதிப்பு கூடும்.

கேஸ் விஷயத்தில் பருவத்தையும் பார்க்கவேண்டும். பியூட்டேன் ஏறக்குறைய 0 டிகிரிக்குக் கீழே ஆவியாவதில்லை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். குளிர்காலத்திலும் கிளம்புபவர்கள் புரொப்பேன் சிலிண்டர் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் இருக்கும் அறை வண்டியின் உட்புறத்தோடு தொடர்பில்லாமல் மூடப்பட்டு, அடியில் வெளிப்பக்கம் திறந்த துளையோடு இருக்கவேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் யாரும் படுக்கக்கூடாது.

மின்சாரத்தில் பலர் ஆசைப்பட்டு ஏமாறுவது கெட்டிலில். 2,000 வாட் கெட்டிலை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியே ஓட்டினால் 165 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு விரல் தடிமனில் கம்பி வேண்டும். விளக்கு, சிறிய குளிர்பெட்டி, கைபேசி ஆகியவற்றுக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டு நாட்கள்வரை தாங்கும். அதே அளவு ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் தாராளமாகப் பயன்படுத்தலாம். டீயைக் கேஸில் போட்டுக்கொள்வதே மேல்.

அடுத்து பதிவுப் புத்தகம். வேனை மாற்றியவுடன் அதில் ‘மோட்டார் கேரவன்’ என்று மாற்றி எழுதித் தரும்படி டி.வி.எல்.ஏ. என்ற உரிம முகமையிடம் விண்ணப்பிப்பார்கள். 1.8 மீட்டர் நீளப் படுக்கை, மேசை, இருக்கை, பொருத்தப்பட்ட அடுப்பு, அலமாரி ஆகியவை உள்ளே இருந்தால் மட்டும் போதாது. சாலையில் ஓடும்போது வெளித்தோற்றத்திலும் வண்டி மோட்டார் கேரவனாகத் தெரியவேண்டும் என்பது முகமையின் நிலை. எழும்பி இறங்கும் கூரையை அது கணக்கில் கொள்வதில்லை. நிலையான உயர்ந்த கூரை, பக்க ஜன்னல்கள், பந்தல் சட்டம், பக்கவாட்டு வண்ணக் கோடுகள் ஆகியவற்றைப் பார்க்கிறது. அழகாகச் செய்த பல வேன்கள் ஏட்டில் இன்னும் ‘ஜன்னல் உள்ள வேன்’ என்றே இருக்கின்றன. பெயர் மாறாவிட்டாலும் வண்டியைக் கேம்பராகப் பயன்படுத்தத் தடையில்லை. செய்த மாற்றங்கள் அனைத்தையும் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லியிருக்கவேண்டும், அவ்வளவே. வேகத்தில் மட்டும் ஒரு வினோதம்: நடுவில் பிரிப்பு இல்லாத சாலையில் சரக்கு வேனின் வரம்பு மணிக்கு 50 மைல், வெற்று எடை 3.05 டன்னுக்கு மேற்படாத மோட்டார் கேரவனுக்கோ 60.

விலையில் இடைவெளி பெரிது. புதிய மோட்டார்ஹோம் 60,000 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். பழைய வேனும் மாற்றச் செலவும் சேர்ந்தாலும் அதில் பாதிக்குள் முடித்துவிடலாம், சொந்த உழைப்புக்குக் கூலி போடாவிட்டால். வார இறுதிகளில் மட்டும் வேலை செய்யும் குடும்பத்துக்கு இது எளிதில் ஓர் ஆண்டைத் தாண்டும். முதல் கோடை விடுமுறை கைநழுவிப் போவதும் செலவில் சேர்த்தியே. மிக மலிவான வேனிலும் ஒரு பொறி உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் மாநகரம் முழுவதும் யூரோ 6 என்ற புகைத் தரத்துக்குக் கீழ்ப்பட்ட டீசல் வேன் ஓடினால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டணம்.

வேனின் பெரிய ஆதாயம் விலையில்கூட இல்லை. விடுமுறை தவிர்ந்த நாட்களில்தான் இருக்கிறது. பின்னிருக்கைகள் பொருத்திய தாழ்ந்த வேன், பள்ளிக்கும் கடைக்கும் போகும் இரண்டாவது காராகிவிடும். மோட்டார்ஹோம் ஆண்டின் பெரும்பகுதி நிறுத்துமிடத்தில், சில வீடுகளில் வாடகை கொடுத்து, சும்மா நிற்கும். ஆனால் மழை நாளில் நான்கு பேரும் உள்ளேயே முடங்கும்போது, கழிப்பறைக்குத் தனிக் கதவும் சாப்பாட்டு மேசையைக் கலைக்காமல் பிள்ளைகளைத் தூங்கவைக்கத் தனிக் கட்டிலும் உள்ள மோட்டார்ஹோமின் அருமை தெரியும். பிரிட்டனில் அந்த மழை நாட்களுக்குக் குறைவில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. கூரை, ஜன்னல், பின்னிருக்கை ஆகிய மூன்றையும் பட்டறையில் முடித்து, அலமாரியையும் அடுப்பு மேடையையும் மட்டும் வீட்டில் செய்துகொள்வது. பாதுகாப்புக்குரிய வேலை தொழில் தெரிந்தவர் கையில் இருக்கும்; வண்டியும் பாதிக் காலத்திலேயே பயணத்துக்குத் தயாராகிவிடும். விற்கும்போது, இருக்கையின் சோதனைச் சான்றும் பட்டறை ரசீதுகளும் உள்ள வேனுக்கு நல்ல விலை கிடைக்கும். ஆவணமே இல்லாத சொந்தத் தயாரிப்பைக் குடும்பத்துக்காக வாங்க வருபவர் பெரும்பாலும் பின்னிருக்கையின் அடியைக் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.