முழுதாக வளரும் முன்பே மூச்சுவிட்ட நுரையீரல்

"குறைமாசத்துல பொறந்த புள்ள, டாக்டர். இப்ப ஆறு வயசாகுது. சளி பிடிச்சா இழுக்குது. ஆஸ்துமாதானே?" தாம்பரமோ குரோம்பேட்டையோ, எந்தக் குழந்தை மருத்துவரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. ஆஸ்துமாவாக இருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம்.

26 வாரத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரலில் முழுமையான காற்றுப்பைகள் இன்னும் உருவாகியிருக்காது. பத்து மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தைக்கோ அவை கோடிக்கணக்கில் இருக்கும்; அதன் பிறகும் சில ஆண்டுகள் வேகமாகப் பெருகும். அந்த வேலை நடக்க வேண்டிய நேரத்தில் செயற்கை சுவாசமும் ஆக்சிஜனும் தந்துதான் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. காப்பாற்றும் அதே அழுத்தமும் ஆக்சிஜனும் பிஞ்சுத் திசுவைப் புண்ணாக்கவும் செய்கின்றன. இதை 1967-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நார்த்வே என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் முதலில் விவரித்தார்கள். கருவின் வயதுக் கணக்கில் 36 வாரம் ஆன பிறகும் ஆக்சிஜன் தேவைப்பட்டால் அதை நாள்பட்ட நுரையீரல் நோய் என்கிறார்கள்.

இந்தப் பிள்ளை பின்னாளில் இழுக்கும்போது கேட்கும் விசில் சத்தம் ஆஸ்துமாவின் சத்தம் போலவே இருக்கும். காரணம்தான் வேறு. ஆஸ்துமாவில் பெரும்பாலும் ஒவ்வாமையால் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது. உறிஞ்சும் ஸ்டீராய்டு அந்த வீக்கத்தை அடக்கும். குறைமாதப் பிள்ளைக்கு மூச்சுக்குழாயே குறுகலாக அமைந்திருக்கலாம். குறுகிய குழாயை ஸ்டீராய்டு அகலமாக்கிவிடாது. இரண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. வீட்டில் ஆஸ்துமா, கரப்பான், ஓயாத தும்மல் இருந்தால் ஸ்டீராய்டு கேட்கும் வாய்ப்பு கூடுதல்.

குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் திறன் குறைந்திருந்த 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளை வைத்து பிரிட்டனின் கார்டிஃப் ஆய்வாளர்கள் செய்த சோதனை 2022-இல் வெளியானது. 12 வாரம் ஸ்டீராய்டு மட்டும் தந்ததில் உறுதியாகச் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. குழாயை நீண்ட நேரம் விரித்து வைக்கும் மருந்தையும் சேர்த்துத் தந்தபோது ஊதும் திறன் நன்றாகவே கூடியது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு பஃப் கொடுப்பது சரியல்ல.

அதற்காக 'ஸ்டீராய்டு' என்றதும் பயந்து தூக்கி எறிவதும் சரியல்ல. ஒரு பஃப்பில் இருப்பது நூறு மைக்ரோகிராம் அளவு. இழுப்புக்குத் தரும் ஸ்டீராய்டு சிரப்பில் ஒரு ஸ்பூனிலேயே 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம் இருக்கக்கூடும். நான்கு முதல் ஆறு ஆண்டுகள் உறிஞ்சு மருந்து எடுத்த ஆஸ்துமாப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தார்கள். அந்தக் குறை உண்மைதான். மூச்சுக்குத் திணறும் பிள்ளைக்கு மருந்தை நிறுத்த அது காரணமாகாது. இன்ஹேலரைக் குலுக்கி, அதில் பொருத்தும் ஸ்பேசர் குழலின் மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடும்படி அழுத்திப் பிடித்து, ஒரே ஒரு பஃப் அடித்து, ஐந்தாறு மூச்சு விடச் சொல்ல வேண்டும். ஸ்பேசரில் உள்ள சின்ன வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் அசைவது தெரியும். பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

மருந்தோடு சுத்தமான காற்றும் வேண்டும். நல்ல காற்றை நம்பி 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோய் சானடோரியம் தொடங்கிய ஊர் தாம்பரம். இன்றோ போகிப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானங்களே தாமதமாகின்றன. 2022-இல் பெருங்குடி குப்பைக் கிடங்கு எரிந்தது. குறைமாதப் பிள்ளை இருக்கும் தெருவில் டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தாதீர்கள். பெற்றோர் ஒன்று செய்யுங்கள்: பிரசவ ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, இழுப்புக்குப் போகும்போதெல்லாம் டாக்டரிடம் காட்டுங்கள். ஆறு வயதானால் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.