மலையேற்றமும் உடலின் நீர்க்காப்பும்

திருப்பரங்குன்றம் மலைமேலுள்ள காசி விஸ்வநாதர் கோயிலுக்குச் சித்திரை வெயிலில் படியேறுவோருக்குச் சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாக வெளியேறுவதற்கு, வியர்வை இழப்போடு, உடல் தன் நீரைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் ஹார்மோன்களும் காரணமாகின்றன. வியர்வையில் உப்பைவிட நீரே மிகுதியாக வெளியேறுவதால் இரத்தத்தின் உப்புச் செறிவு உயர, அதனை உணரும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி தாகத்தைத் தூண்டுவதுடன், பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி வழியே வாசோபிரசின் என்னும் ஹார்மோனை வெளியிட்டு, சிறுநீரகங்கள் நீரை மீண்டும் இரத்தத்துக்குள் உறிஞ்சச் செய்கிறது. உழைக்கும் தசைகளுக்கு இரத்தம் திருப்பிவிடப்பட்டு, சிறுநீரகங்களுக்குச் செல்லும் அளவு குறையும்போது, அவை ரெனின் என்னும் நொதியைச் சுரக்கின்றன. அதன் தொடர்விளைவாக, சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை வெளியிட்டுச் சோடியம் உப்பைத் தக்கவைக்கின்றன.

இதில் பலரும் கருதாத ஆபத்து ஒன்று உண்டு. நீடித்த உழைப்பு, குமட்டல், வலி ஆகியவை உப்புச் செறிவு உயராத நிலையிலும் வாசோபிரசினைச் சுரக்கச் செய்யுமாதலால், அப்போது தாகத்தை மீறிக் குடிக்கப்படும் நீர் வெளியேற வழியின்றி இரத்தத்தின் சோடியத்தை நீர்த்துப்போகச் செய்கிறது. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஆராயப்பட்ட 488 ஓட்டக்காரர்களுள் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தலைவலி, குழப்பம், வலிப்பு என முற்றக்கூடிய இந்நிலை உயிரையே பறிக்கக்கூடியதாதலால், தாகத்துக்கேற்ப அருந்துவதே ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் ஏற்ற அளவாகும்.