உயிரி டீசலைச் சுத்திகரித்தல்: எம்முறை ஏற்றது?

பொரித்த எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைக் கடந்துவிட்டால் அது உணவுக்கு ஆகாது என்னும் விதி, 2018-ஆம் ஆண்டு ஜூலை முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. அவ்வாறு கழிக்கப்படும் எண்ணெயை மெதில் ஆல்கஹாலுடனும் சிறிது எரிகாரத்துடனும் வினைப்படுத்தினால் உயிரி டீசல் கிடைக்கிறது. கனமான கிளிசரின் அடியில் தங்கியவுடன் வேலை முடிந்துவிட்டதாகச் சிறு அளவில் தயாரிப்போர் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. மேலே நிற்கும் திரவத்தில் சோப்பு, மெதில் ஆல்கஹால், எஞ்சிய காரம், நுண்ணிய கிளிசரின் துளிகள் ஆகியவை கலந்தே இருக்கும். சோப்பு வடிகட்டியை அடைக்கும். எரிந்தபின் சாம்பலாக என்ஜினுள் படியும். மெதில் ஆல்கஹால் எரிபொருளை எளிதில் தீப்பற்றச் செய்யும்.

சுத்திகரிப்பு முறையைத் தேர்ந்தெடுக்குமுன் வினை நிறைவுற்றதா என்று அறிதல் அவசியம். மாற்றமடையாத எண்ணெயை எந்தக் கழுவுமுறையும் நீக்காது. 27 மில்லிலிட்டர் மெதில் ஆல்கஹாலில் 3 மில்லிலிட்டர் உயிரி டீசலை இட்டு, அறை வெப்பநிலையில் குலுக்கிப் பார்க்கலாம். முழுதும் கரைந்தால் நன்று; அடியில் எண்ணெய் தங்கினால் மறுபடியும் வினைப்படுத்த வேண்டும்.

அடுத்து நோக்க வேண்டியது சோப்பின் அளவு. எண்ணெயிலுள்ள தனிக் கொழுப்பு அமிலம் காரத்துடன் சேர்ந்து சோப்பாகிறது. ஆதலின் புதிய எண்ணெயில் இது குறைவு. பலமுறை பொரித்த எண்ணெயிலும் பழைய புங்க எண்ணெயிலும் மிகுதி. ஒரு புட்டியில் டீசலும் நீரும் சம அளவு ஊற்றி வேகமாகக் குலுக்கினால், நல்ல சரக்கு அரைமணி நேரத்துள் இரு அடுக்குகளாகப் பிரியும். பால்போல் கலங்கி நின்றால் சோப்பு மிகுதி என்றோ, வினை குறைபட்டது என்றோ கொள்ளலாம்.

நீரால் கழுவுதல் பழைய முறை. முதன்முதலில் தயாரிப்போருக்கு அதுவே தக்கது. சோப்பு, காரம், மெதில் ஆல்கஹால், கிளிசரின் ஆகிய நான்கையும் நீர் ஒருங்கே கொண்டு செல்லும். குறை ஏதேனும் இருப்பின் கலங்கல் அதனை உடனே காட்டிக்கொடுக்கும். முதல் கழுவலில் வெதுவெதுப்பான நீரை மேலிருந்து நுண்துளிகளாகத் தெளித்தல் வேண்டும். அவசரப்பட்டுக் கலக்கினால் பிரியாத பால்மம் உண்டாகும். வடியும் நீர் தெளியும்வரை பின்னும் சில முறை கழுவலாம். கடினமான கிணற்று நீர் ஆகாது. அதிலுள்ள கால்சியம், கரையாத சோப்பை உண்டாக்கி எரிபொருளிலேயே தங்கிவிடும். மழைநீர் சிறந்தது.

கழுவியபின் உலர்த்த வேண்டும். இந்தியத் தர நியமம் 15607 அனுமதிக்கும் நீர், கிலோகிராமுக்கு 500 மில்லிகிராம் மட்டுமே. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் டீசலிலும் இதைவிட மிகுதியாக நீர் இருக்கக்கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நீர் அரிதான இடத்திலும், கழுவிய நீரைப் பாதுகாப்பாகச் சேர்க்க வழியில்லாத இடத்திலும் உலர்முறை பொருந்தும். காரமும் சோப்பும் மெதில் ஆல்கஹாலும் கலந்த அந்நீரைக் குளத்திலோ கிணற்றருகிலோ விடலாகாது. மக்னீசியம் சிலிகேட் தூளை எடையில் சுமார் 1 சதவீதம் இட்டு, வெதுவெதுப்பில் இருபது நிமிடம் கலக்கி வடிகட்டுவது ஒருவகை. அயனிப் பரிமாற்றப் பிசின் மற்றொன்று. இப்பிசின் சோப்பைத் தனிக் கொழுப்பு அமிலமாக மாற்றி எரிபொருளிலேயே விட்டுவிடுவதால், சோப்பு மிகுந்த சரக்கில் அமில எண் உயரும். அத்தகைய சரக்குக்கு நீரே மேல். மரத்தூளும் சோப்பை ஈர்க்கும். ஆயினும் எண்ணெய் ஊறிய தூளைக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

தூளைப் பயன்படுத்துமுன் மெதில் ஆல்கஹாலை நீக்கிவிடுதல் நலம். இல்லையேல் தூளின் ஈர்ப்பு குறையும். கிளிசரினை வடித்த பின்னரே இதனைச் செய்ய வேண்டும். முன்னரே செய்தால் வினை பின்னோக்கித் திரும்பும். மெதில் ஆல்கஹால் 65 டிகிரி சென்டிகிரேடு அளவில் கொதிக்கும். அதன் ஆவி நஞ்சு, தீயையும் பற்றும். திறந்த பாத்திரத்தில் காய்ச்சுவது ஆபத்தானது. குளிர்விப்பானுடன் கூடிய மூடிய கலமே வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் கழுவி உலர்த்திய டீசலைக் கொண்டு குலுக்கல் சோதனையை மட்டும் வகுப்பில் காட்டுவது போதும்.