பொத்தானை அழுத்துபவரின் சம்பளம்

1993இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், மெக்டொனால்ட்ஸ் கடையொன்றுக்குள் தனியாக ஒரு காபி மேடை முளைத்தது. 'மெக்கஃபே' என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்து குடியேறிய இத்தாலியர்கள் எஸ்பிரெஸ்ஸோவை ஊருக்கே பழக்கிவிட்டிருந்த நகரம் அது. மெல்போர்ன்காரர்களைக் காபி விஷயத்தில் லேசில் ஏமாற்ற முடியாது. அங்கே எடுபட்ட யோசனை பல நாடுகளுக்குப் பரவி, 2013இல் மும்பைக்கும் வந்தது. கூடவே 'பாரிஸ்டா' என்ற பதவியும் பர்கர் கடைக்குள் வந்தது. அந்த மேடைக்குப் பின்னால் நிற்பவர் செய்வது கைத்திறன் வேண்டிய தொழிலா, யாரைப் பிடித்து நிறுத்தினாலும் செய்துவிடும் வேலையா? துரித உணவுத் தொழிலிடம் இரண்டு பதிலும் உண்டு. விளம்பரத்தில் முதலாவதைச் சொல்லும், சம்பளச் சீட்டில் இரண்டாவதை எழுதும்.

கையால் இயக்கும் இயந்திரத்தில் ஒரு காபி போடுவதைக் கவனித்தால் முதல் பதில் பொய்யில்லை என்று தெரியும். பதினெட்டு, இருபது கிராம் தூளை அரைத்து, கைப்பிடி வடிகட்டியில் சமமாக அழுத்தி, 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தினால் 25 முதல் 30 நொடிக்குள் டிகாக்‌ஷன் இறங்க வேண்டும். முன்னதாக இறங்கினால் புளிக்கும், தாமதித்தால் கசக்கும். காலையில் சரியாக இருந்த அரைப்பு, மதியம் காற்றில் ஈரம் ஏறியதும் மாறிவிடும். கிரைண்டரை ஒரு இழை திருப்ப வேண்டியிருக்கும். பால் இன்னும் பொல்லாதது. ஆவிக்குழாயின் நுனி பாலின் மேல்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் சில நொடிகளில், காகிதம் கிழிவதுபோல ஒரு சத்தம் வரும். அதோடு குழாயை உள்ளே இறக்கிப் பாலைச் சுழலவிட வேண்டும். 60, 65 டிகிரியில் நிறுத்தினால் பாலுக்கே உரிய இனிப்பு நிற்கும். 70ஐத் தாண்டினால் காய்ந்த வாடைதான். உடனே ஈரத்துணியால் குழாயைத் துடைத்து ஆவியைத் திறந்துவிடாவிட்டால், பால் அதிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும்.

பல நாடுகளின் துரித உணவுக் கடைகளில் இதையெல்லாம் ஒரு பொத்தான் பார்த்துக்கொள்கிறது: அரைப்பது, அழுத்துவது, இறக்குவது, பாலை நுரைப்பது. ஸ்டார்பக்ஸே தானியங்கி இயந்திரத்துக்கு மாறியது. வேகம் கூடினாலும் காபி போடுவதைப் பார்க்கிற அழகு போய்விட்டது என்று அதன் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2007இல் தம் நிர்வாகிகளுக்கு வருந்தி எழுதினார். மறு ஆண்டு பிப்ரவரியில் அந்நிறுவனம் அமெரிக்காவிலுள்ள சுமார் 7,100 கடைகளைச் சில மணி நேரம் மூடி, ஊழியர்களுக்கு எஸ்பிரெஸ்ஸோ பாடம் நடத்தியது. தொழிலாளியின் திறனைப் பிரித்து இயந்திரத்துக்குக் கொடுப்பதே நவீன முதலாளியின் வழி என்று 1974இல் ஹாரி பிரேவர்மன் எழுதிய நூலுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. ஆனால் பிரேவர்மன் வாதத்தோடு நின்றுவிட்டால் பாதிதான் பிடிபடும். பொத்தான் எடுத்துக்கொண்டது கண்ணுக்குத் தெரிகிற திறனை மட்டும். ஒரே நேரத்தில் கவுண்டரிலிருந்தும் காரில் வருகிறவர்களிடமிருந்தும் டெலிவரி செயலியிலிருந்தும் ஆர்டர்கள் திரையில் விழுகின்றன. ஒன்று ஓட்ஸ் பால், ஒன்று டீகாஃப், ஒன்று சர்க்கரையில்லாமல். எதை முதலில் தொடங்கினால் எதுவும் ஆறாது, பால் ஒவ்வாமை உள்ளவரின் கோப்பைக்கு எந்தப் பாத்திரம் போகக் கூடாது, காதில் மாட்டிய கருவியில் யார் என்ன கேட்கிறார்கள், எல்லாவற்றையும் ஒரே தலை தாங்க வேண்டும். பால் குழாய்களைத் தினமும் கழுவுவதும் அதே ஆள்தான். இதற்கு மேல் முகத்தில் சிரிப்பு வேறு. அதுவும் உழைப்புதான் என்று சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983லேயே எழுதிவிட்டார்.

ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியதுதானே என்று கேட்பார்கள். ஒரு கோப்பை காபியை ஒரு வாரத்தில் கற்கலாம், மறுக்கவில்லை. காலை எட்டு மணிக் கூட்டத்தைச் சமாளிக்க அந்த ஒரு வாரம் போதாது. ஆஸ்திரேலியாவின் துரித உணவு ஊதிய ஆணையோ காபி போடுகிறவரையும் வறுவல் எடுக்கிறவரையும் ஒரே முதல் நிலையில்தான் வைத்திருக்கிறது. வயதைப் பார்த்துக் கூலியைக் குறைக்கும் அந்த ஆணை, பதினெட்டு வயதுக்காரருக்குப் பெரியவரின் கூலியில் 70 சதவீதத்தை நிர்ணயித்தது. காபியின் விலையை யாரும் போட்டவரின் வயதைக் கேட்டுக் குறைப்பதில்லை! இது மாணவர்கள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் போகிற வேலை என்ற சமாதானமும் நிற்காது. ஆள் மாறினாலும் வேலையின் கடினம் மாறுவதில்லை. படிப்புக் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணி நேரம் மட்டுமே உழைக்க அனுமதியுள்ள வெளிநாட்டு மாணவருக்கு, சென்னையிலிருந்து போனவரானாலும் யாழ்ப்பாணத்திலிருந்து போனவரானாலும், அந்த மணிக்கூலிதான் வீட்டு வாடகை.

கூலியை உயர்த்தினால் முதலாளி இயந்திரம் வாங்கிவிடுவார் என்பதுதான் கனமான ஆட்சேபம். கலிபோர்னியா 2024 ஏப்ரல் முதல், நாடு முழுவதும் 60 கடைகளுக்கு மேல் வைத்திருக்கும் துரித உணவு நிறுவனங்களுக்கு மணிக்கு 20 டாலரைக் குறைந்தபட்சக் கூலியாக்கியது. மாநிலத்தின் பொதுக்கூலி அப்போது 16 டாலர். இதனால் வேலை குறைந்ததா என்று பொருளாதார ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் இந்தக் காபி மேடையைப் பொறுத்தவரை, கூலி ஏறும்வரை இயந்திரம் காத்திருக்கவில்லை. கூலி குறைவாக இருந்த காலத்திலேயே வந்துவிட்டது. தொடுதிரை வந்ததால் ஆர்டர் வேகமாக விழுகிறது, அதை முடித்துக்கொடுக்கும் கை அதே இரண்டுதான். ஆஸ்திரேலியாவின் துரித உணவு ஊதிய ஆணையில் காபி மேடைக்கென ஒரு தனிப் படிநிலை வைத்து, பயிற்சி முடித்தவருக்கு மணிக்குச் சிறு தொகை கூட்டித் தருவது அப்படியொன்றும் புதுமை இல்லை. உணவக ஊழியர்களுக்கான ஆணையில் பயிற்சிக்கேற்ற படிநிலைகள் ஏற்கெனவே இருக்கின்றன.