கணினியும் அதன் அனுமதிப்பத்திரமும்

விண்டோஸ் 10 எனும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் இலவசமாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆம் நாளுடன் நிறுத்தப்பட்டன. அன்று தொட்டு நம் மலைநாட்டுப் பாடசாலைகளிலும் வீடுகளிலும் சில வினாக்கள் மீண்டும் மீண்டும் எழுகின்றன. விண்டோஸ் 11க்கு மாறினால் மறுபடியும் பணம் செலுத்த வேண்டுமா? பழைய திறவுக்குறி செல்லுமா? மாறிய பின்னர், 'விண்டோஸைச் செயற்படுத்துக' என்று திரையின் மூலையில் எழுத்துத் தோன்றினால் யாது செய்வது? நேயர்களே, நான் கற்றது கலை, பொறியியல் அன்று. ஆயினும் இவை பொறியியல் வினாக்கள் அல்ல. உடைமை எது, அனுமதி எது என்பது பற்றிய வினாக்கள். ஆதலால் இவை குறித்துப் பேச முற்படுகின்றேன்.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் உறுப்புகளையும் நாம் இயக்கும் ஏனைய மென்பொருள்களையும் ஒன்றிணைத்து ஆளும் அடிப்படை மென்பொருள். கணினி வாங்குபவர் பெட்டியையும் திரையையும் சொந்தமாக வாங்குகின்றார். விண்டோஸை அவ்வாறு வாங்குவதில்லை. அதனைப் பயன்படுத்தும் அனுமதியையே வாங்குகின்றார். இவ்வேறுபாட்டைத் தோட்டத்து மக்களுக்கு விளக்கப் பெருமுயற்சி வேண்டியதில்லை. லயத்து அறையிற் பிறந்து, அதன் சுவருக்குத் தாமே சுண்ணாம்பு பூசி, முற்றத்திற் பூச்செடி நட்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், காணி உறுதி கைக்கு வராத பல்லாயிரம் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. குடியிருப்பது வேறு, உறுதி வைத்திருப்பது வேறு என்பதை நாம் புத்தகம் படித்தா அறிந்தோம்?

அனுமதி என்றதும், அது எதனோடு கட்டப்பட்டது என்று கேட்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே விண்டோஸ் பதியப்பட்டு வரும் கணினியில், அனுமதி அந்தக் கணினியோடு, குறிப்பாக அதன் தாய்ப்பலகையோடு கட்டுண்டது. இதனை ஓ.ஈ.எம். அனுமதி என்பர். 25 எழுத்தும் இலக்கமும் ஐந்தைந்தாக அமைந்த திறவுக்குறி முன்னாளிற் பெட்டியின் பக்கத்திலே சிட்டையாக ஒட்டப்பட்டிருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்த பின்னர்ப் பெரிய உற்பத்தியாளர்கள் அதனைத் தாய்ப்பலகைக்குள்ளேயே பதித்து அனுப்பலாயினர். கணினியை விற்றால் அனுமதியும் உடன் செல்லும். கணினி அழிந்தால் அதுவும் அழியும். தனியே விலை கொடுத்து வாங்கிய அனுமதியோ வாங்கியவரோடு செல்லும். பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் இடலாம். மூன்றாவதாக, நிறுவனம் ஒன்று தன் கணினிகள் யாவற்றுக்கும் மொத்தமாகப் பெறும் தொகுதி அனுமதி உண்டு. அதனாலேயே நமக்குப் பெருந்தொல்லை விளைகின்றது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

இனிச் செயற்படுத்தல் என்பது யாதெனக் காண்போம். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பீ வெளிவந்தபோது இம்முறை வீட்டுக் கணினிகளுக்கு வந்தது. கணினியின் உறுப்புகளிலிருந்து ஓர் அடையாளம் கணிக்கப்பட்டு, அனுமதியோடு சேர்த்து நிறுவனத்தின் ஏட்டிலே பதியப்படுகின்றது. 2015இல் வந்த விண்டோஸ் 10 இதனை எண்முறை அனுமதி என்னும் வடிவுக்குக் கொணர்ந்தது. திறவுக்குறியை நாம் நினைவில் வைத்திராவிடினும், இணையத்தில் இணைந்ததும் கணினியை ஏடு அடையாளம் கண்டுகொள்ளும். ஆகவே முறையாகச் செயற்படுத்தப்பட்ட விண்டோஸ் 10 உள்ள கணினி, தகுதி இருப்பின், விண்டோஸ் 11க்குப் பணமின்றியே மாறலாம். வன்தட்டை முற்றாக வெறுமையாக்கிப் புதிதாகப் பதியும்போதும், 'என்னிடம் திறவுக்குறி இல்லை' என்பதைத் தெரிந்தெடுத்துத் தொடரலாம். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: ஹோம் பதிப்புக்கு ஹோம், புரோ பதிப்புக்குப் புரோ. ஹோம் அனுமதி உள்ள கணினியிற் புரோவைப் பதிந்துவிட்டுச் செயற்படவில்லையே என்று வருந்துவோர் பலர்.

நம் பகுதிக்கே உரிய இடையூறு ஒன்றும் உண்டு. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழையோடு வரும் மின்னல், இறம்பொடைக் கணவாயின் இருபுறத்தும் கணினிகளைப் பதம் பார்ப்பது வழக்கம். மின்வழங்கி மட்டும் எரிந்தால் மாற்றிவிடலாம், அனுமதிக்கு இடரில்லை. நினைவகத்தையோ வன்தட்டையோ மாற்றுவதும் பெரும்பாலும் இடர் தராது. தாய்ப்பலகை மாறினால் ஏட்டின் கண்ணுக்கு அது வேறு கணினி. தனியே வாங்கிய அனுமதியாயின், அதனை முன்னரே மைக்ரோசொப்ட் கணக்கோடு பிணைத்து வைத்திருந்தால், 'அண்மையில் வன்பொருளை மாற்றினேன்' என்று முறையிட்டு மீட்கும் வழி 2016 முதல் உண்டு. பிணைப்பது சில நிமிட வேலை. இடி இடிக்கும் முன் செய்வதே நன்று.

தகுதி என்றேனே, அது அனுமதியினின்றும் வேறானது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதாலேயே குழப்பம் பெருகுகின்றது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். பாதுகாப்பான தொடக்க வசதி வேண்டும். 4 கிகாபைற் நினைவகமும் 64 கிகாபைற் சேமிப்பிடமும் வேண்டும். இன்டெல் செயலியாயின் ஏறத்தாழ எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும். எனவே அனுமதி பழுதற்ற நல்ல கணினி தகுதியின்மையால் வாயிலிலே தடுக்கப்படலாம்; களவு நகல் இயங்கும் புதுக் கணினியோ தகுதியில் தேறிவிடலாம். தடையைச் சூழ்ச்சியால் தாண்டுவித்துப் பதிந்து தருவோரும் உளர். அவ்வாறு பதிந்த கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வருமென்ற உறுதியை நிறுவனம் அளிப்பதில்லை. பாதுகாப்புத் திருத்தம் வேண்டித்தானே மாறப் புறப்பட்டோம்?

இப்பொழுது தொகுதி அனுமதிக்கு வருவோம். தோட்டப்புறப் பாடசாலைகளின் கணினிக் கூடங்களை நிறைப்பவற்றுட் பல, கொழும்பு அலுவலகங்களும் வெளிநாட்டு நண்பர்களும் பயன்படுத்தி விட்டு மனமுவந்து அளித்தவை. வந்த நாளில் அழகாய் இயங்குகின்றன. ஆறு மாதம் கழிந்ததும் செயற்படுத்தக் கோரும் எழுத்து ஒன்று திரையில் தோன்றுகின்றது. 'மாணவர் எதையோ அழித்துவிட்டனர்' என்று சிலர் பிள்ளைகளைக் கடிகின்றனர். பிள்ளைகள் குற்றமற்றவர்கள். அலுவலகத்தின் தொகுதி அனுமதியில் இயங்கும் கணினி, 180 நாளுக்குள் ஒருமுறையேனும் அவ்வலுவலகத்தின் சேவையகத்தோடு தொடர்பு கொண்டு தன் செயற்பாட்டைப் புதுப்பித்தாக வேண்டும். இறம்பொடைக்கு வந்த பின் அஃது எங்ஙனம் கொழும்புச் சேவையகத்தைக் காணும்? தொகுதி அனுமதி அந்நிறுவனத்துக்கே உரியது. கணினியோடு நமக்கு வரவில்லை.

ஆயினும் மனந்தளர வேண்டியதில்லை. கணினியில் விண்டோஸ் இயக்குவதற்குரிய தொகுதி அனுமதி தரமுயர்த்துவதற்கான அனுமதியே. அதன் அடியில், கணினி பிறந்தபோதே வந்த அனுமதி ஒன்று இருத்தல் வேண்டும். அவ்வடிப்படை அனுமதி கணினியோடு நம்மிடம் வந்திருக்கும். ஆகவே அலுவலகம் பதிந்த எண்டர்பிரைஸ் பதிப்பை நீக்கி, தாய்ப்பலகையிற் பதிந்துள்ள திறவுக்குறிக்கு உரிய பதிப்பைப் புதிதாக இட்டால், பெரும்பாலும் ஒரு சதமும் செலவின்றிச் செயற்படும். அமைப்புகளுக்குள் முறைமை, அதனுள் செயற்படுத்தல் என்னும் பக்கத்தைத் திறந்தால், எண்முறை அனுமதியா, நிறுவனத்தின் சேவை வழி வந்ததா என்பதை அதுவே சொல்லும். நன்கொடைக் கணினி கைக்கு வந்த அன்றே இப்பக்கத்தைப் பார்த்தல் வேண்டும்.

இதனை அறியாதார் நகரத்துக் கடையொன்றுக்குச் செல்வர். கடைக்காரர் செயற்படுத்தும் கள்ளநிரல் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு இட்டுத் தருவார். அந்நிரல் அலுவலகச் சேவையகம்போல் வேடமிட்டுக் கணினியை ஏமாற்றுவது. அதனை இடுவதற்கு முதலிற் கேட்கப்படுவது யாதென்று அறிவீர்களா? வைரசுத் தடுப்பை நிறுத்துக என்பதே! காவற்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்பவனை நம்பலாமா? மாணவர் செயற்றிட்டங்களும் புள்ளிப் பதிவுகளும் அக்கணினியிலேயே உள்ளன. இணையத்தில் அற்ப விலைக்குக் கிடைக்கும் திறவுக்குறிகளும் பல வேளை யாரோ ஒரு நிறுவனத்தின் தொகுதிக் குறிகளே. இன்று செல்லும், ஒருநாள் முடக்கப்படும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலை நூல், கட்டுரை முதலியவற்றோடு ஒரே வரிசையில் வைத்துக் காக்கின்றது. உரிமை மீறிய நிரலென்று அறிந்தே பயன்படுத்துவதைக் குற்றமாக்குகின்றது. அரச பாடசாலை இதில் விலக்குப் பெற்றதன்று.

தகுதியற்ற பழைய கணினிகளை என் செய்வது? விண்டோஸ் 10க்கு நீட்டித்த பாதுகாப்பு என்றோர் ஏற்பாட்டை மைக்ரோசொப்ட் அறிவித்தது. வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஓராண்டு. கல்வி நிறுவனங்களுக்கு மூன்றாண்டு வரை; கணினியொன்றுக்கு முதலாண்டு 1 அமெரிக்க டொலர், இரண்டாமாண்டு 2, மூன்றாமாண்டு 4. இருபது கணினிக்கு மூன்றாண்டும் 140 டொலர். தொகை பெரிதன்று. ஆனால் இது நிறுவன ஒப்பந்தத்தின் வழியே பெறுவது. மலைச்சரிவிலுள்ள ஒரு சிறு பாடசாலை தனித்து நின்று ஒப்பந்தஞ் செய்தல் எளிதோ? வலயக் கல்வி அலுவலகங்கள் கூட்டாக முயல்வதே தக்கது என்பது என் கருத்து.

மற்றொரு வழி லினக்ஸ். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எனும் பின்லாந்து மாணவர் தொடங்கிவைத்தது. அதற்கும் அனுமதிப்பத்திரம் உண்டு. ஆயின் அது இன்னும் எத்தனை கணினியில் வேண்டுமாயினும் பதிக, நகலெடுத்துப் பிறர்க்கும் தருக என்று சொல்லும் பத்திரம். செயற்படுத்தல் என்ற பேச்சே இல்லை. தாய்ப்பலகை எரிந்தாலும் கவலையில்லை. கேரளத்தின் அரச பாடசாலைகள் பல்லாண்டுகளாக அதன் வழியே கணினி கற்பிக்கின்றன. சொல்முறைவழிப்படுத்தல், விரிதாள் ஆகியவற்றுக்கு லிப்ரே ஒபிஸ் போதும். உயர்தர வகுப்புக்குரிய பைதன் மொழியும் அதில் நன்கு இயங்கும். பரீட்சை நெருங்கிய வகுப்பை மட்டும் பழகிய முறைமையில் விட்டு, இளைய வகுப்பிலிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது என்பேன். ஆசிரியர் பழகுவதற்கும் ஒரு தவணை வேண்டும் அல்லவா?

பாடசாலைப் பொருட்பதிவேட்டில் மேசைக்கும் நாற்காலிக்கும் கணினிக்கும் இலக்கமிட்டு எழுதுகின்றோம். அனுமதிக்கென ஒரு நிரல் அதில் இல்லை. ஒவ்வொரு கணினிக்கும் எதிரே பதிப்பு யாது, அனுமதி எவ்வகையது, எந்தக் கணக்கோடு பிணைக்கப்பட்டது என்னும் மூன்றையும் குறித்து வைத்தால், அடுத்து வரும் அதிபரும் ஆசிரியரும் கடைக்காரரைக் கேட்டு நிற்க நேராது. கணக்கெடுப்பிற் கழித்துவிடும் கணினிக்கு எதிரே, அதனோடு பிறந்த அனுமதியையும் சேர்த்துக் கழித்துவிடலாம்.