டிக்கியும் ஒரு ஸ்டாக்தான்

போன ஜூலையில அம்மா, அப்பாவோட யெல்லோஸ்டோனுக்கு பத்து நாள் கார்ல போனோம். டிக்கியில சாமான் அடுக்குறது ஒரு ஸ்டாக் மாதிரி: கடைசியா வெச்சதுதான் முதல்ல வெளிய வரும். இது தெரிஞ்சும் நான் டென்ட்டை அடியில வெச்சேன். போய்ச் சேர்ந்தப்ப இருட்டு, மழை. எல்லாத்தையும் இறக்கி முடிக்கறதுக்குள்ள அப்பா நனைஞ்சு நடுங்கிட்டார்.

அதனால டென்ட், டார்ச், ஸ்வெட்டர் எப்பவும் மேல. அந்தப் பூங்காவின் பெரும்பகுதி 7,500 அடிக்கு மேல இருக்கு. கோடையிலும் ராத்திரி உறையற அளவுக்குக் குளிரலாம். தண்ணி கேன், அடுப்பு மாதிரி கனமானதெல்லாம் அடியில, பின்சீட்டை ஒட்டி. மேல வெச்சா, சடன் பிரேக் போடும்போது நம்ம தலைக்குத்தான் வரும்.

அடுத்தது கரடி. அம்மா தலைமாட்டுல பருப்புப்பொடி, ஊறுகாய் வெச்சிருந்தாங்க. “மூடி டைட்டாதானேடா இருக்கு”ன்னாங்க. கரடி மோப்பத்துக்கு அந்த மூடியெல்லாம் பத்தாதும்மா! பேஸ்ட், சோப்பு, தேங்காயெண்ணெய்கூட டென்ட்டுக்குள்ள கூடாது. பூட்டின கார்லயோ, முகாம்ல இருக்கற இரும்புப் பெட்டியிலயோ வைக்கணும். வீட்டுலயே வாசனை வர்றதையெல்லாம் ஒரே பெட்டியில போட்டுடுங்க. ராத்திரி அந்த ஒண்ணைத் தூக்கி வெச்சா போதும்.