மின்சாரக் கிதாரில் இணைப்புக் கோளாறு

புதிதாக வாங்கிய மின்சாரக் கிதார் ஒரு வாரத்திற்குள்ளேயே கரகரப்பதும், திடீரென ஊமையாகி மீண்டும் ஒலிப்பதும் உண்டு. வாங்கியவர் கருவியே பழுதென்று மனம் தளர்ந்துவிடுகிறார். விட்டுவிட்டு ஒலிக்கும் கருவியில் குறை பெரும்பாலும் ஏதோ ஓர் இணைப்பில்தான் இருக்கும்.

இக்கருவியின் எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதனைச் சூழ்ந்து பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. தந்தி அதிரும்போது, 1831-ல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல் நெறிப்படி, சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. ஜார்ஜ் பீச்சாம்ப் என்பவர் இத்தகைய கிதாருக்கு அமெரிக்காவில் 1937-ல் காப்புரிமை பெற்றார். தோன்றும் மின்னழுத்தம் மிகச் சிறிதாதலால், வழியில் ஓரிடம் தளர்ந்தாலும் இசை குலைந்துவிடும்.

முதலில் வேறொரு கம்பியை மாற்றிப் பார்த்தல் வேண்டும். எளிய இச்சோதனையைப் பலர் செய்வதில்லை! அதன் பின்னும் குறை நீடித்தால், கருவியைத் திறவாமலே மல்டிமீட்டர் கொண்டு ஆராயலாம். கம்பியின் ஒரு முனையைக் கிதாரில் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். ஒரு சுருள் மட்டும் இயங்குமாறு ஸ்விட்சை வைத்து, ஒலியளவுத் திருகை முழுவதும் கூட்டிவிட வேண்டும். குறைத்து வைத்திருந்தால் நல்ல கருவியும் சுழியையே காட்டும். சுருளின் தடை 7,000 ஓம், திருகின் தடை 2,50,000 ஓம் எனக் கொள்வோம். இவை பக்க இணைப்பில் இருப்பதால் மீட்டர் சுமார் 6,800 ஓம் காட்டும். 2,50,000 காட்டினால் சுருளின் தொடர்பு அறுந்துள்ளது. சுழி காட்டினால் உட்கம்பி எங்கோ எர்த்தைத் தொடுகிறது. அளவே கிடைக்காவிடில் முறிவு பெரும்பாலும் ஜாக்கில் இருக்கும். பிளக்கை அசைக்கையில் எண் துள்ளினால் ஐயமே இல்லை, அவ்விடம் தளர்ந்துள்ளது. பாட்டரியால் இயங்கும் சுருள்களுக்கு இக்கணக்கு பொருந்தாது.

ஜாக்கின் மரை தளர்ந்தால் ஜாக் சுழன்று, உள்ளிருக்கும் கம்பிகளை முறுக்கி அறுத்துவிடும். மற்றோர் இடம் திருகின் உலோக முதுகு. அகன்ற அவ்வுலோகம் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், பற்றாசு உருகித் திரண்டு நின்றாலும் அதனோடு ஒன்றுவதில்லை. காரீயம் கலவாத பற்றாசு இயல்பாகவே சற்று மங்கலாயிருக்கும். ஆகவே நிறத்தை நம்பாமல் மரக்குச்சியால் மெல்ல நெம்பிப் பார்ப்பதே நலம். பழுதான இணைப்பில் முதலில் உலோகத்தைச் சூடேற்றிப் பின்னரே பற்றாசை உருக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத கருவியைத் திறக்குமுன் கடைக்காரரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது குறையன்று. தந்திகள் எர்த்தோடு இணைக்கப்பட்டிருப்பதன் விளைவே அது. ஆனால் தொடும்போது கையில் சுரீரென்று மின்சாரம் தாக்கினால், அது கிதாரின் கோளாறன்று. ஆம்ப்ளிபயரிலோ வீட்டின் எர்த் தொடர்பிலோ பழுது உள்ளது. அது உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே கிதாரை விட்டுவிட்டு, சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்து, மின்பணியாளர் சோதிக்கும்வரை அதனைப் பயன்படுத்தலாகாது.